ஒரு ஆள் இடைவெளி

பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுக்கிற அன்றைக்கு உங்களில் யாராவது ஒருத்தர் கண்ணை மூடிவிடுவீர்கள். குறை சொல்வதாக நினைக்காதீர்கள். பல வருசமாக மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் படம் எடுக்கிறவன் நான். பார்த்ததைச் சொல்கிறேன். நாற்பது பிள்ளைகளை நிற்க வைத்தால் ஒன்று கண்ணை மூடும், ஒன்று மூக்கைச் சொறியும், ஒன்று முன்னால் நிற்கிற பிள்ளையின் தலைக்குப் பின்னால் ரெண்டு விரலைக் கொம்பு மாதிரி நீட்டும். மூன்றும் ஒரே நேரத்தில் நடக்காவிட்டால் அன்றைக்கு எனக்கு நல்ல நாள்.

அதனால் நாங்கள் ஒரே படத்தை ஐந்து தடவை எடுப்போம். பிறகு கம்ப்யூட்டரில் தேவையான படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவோம். ஒவ்வொரு அடுக்குக்கும் லேயர் என்று பேர். நோட்டுக்கு அட்டை போடும்போது மேலே போடுகிற கண்ணாடித்தாள் தெரியும் அல்லவா? ஒவ்வொரு படமும் அந்த மாதிரி ஒரு தாளில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேல்தாளில் ஒரு பையன் கண்ணை மூடியிருந்தால் அந்த இடத்தை மட்டும் அழித்துவிட்டால் போதும். கீழ்த்தாளில் கண்ணைத் திறந்து வைத்திருக்கிற அதே பையன் அந்த ஓட்டை வழியாக எட்டிப் பார்ப்பான்.

இதில் கஷ்டம் ஒன்றுதான். தாள்கள் அச்சுப் பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும். நூலளவு தள்ளிப்போனாலும் பையனுக்கு ரெண்டு மூக்கு வந்துவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாத்தியாருக்கு ரெண்டு மீசை வைத்து அனுப்பிவிட்டேன். அவர் பெருந்தன்மையான மனுசர். "ஒன்னு போதும் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

நான் பத்தாவதோடு நின்றவன். தல்லாகுளத்தில் ஒரு ஸ்டூடியோவில் லைட் பிடிக்கப் போய், கேமரா பிடித்து, அப்புறம் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து இந்த லேயர் வேலையைக் கற்றுக்கொண்டேன். இப்போது ஆனையூரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் வைத்துச் சொந்தமாகச் செய்கிறேன். ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு ஃபேன். ஃபேன் என் தலைக்கு ஓடவில்லை, கம்ப்யூட்டருக்கு ஓடுகிறது.

நான் சொல்ல வந்தது என் சின்ன மகள் ஐந்தாம் வகுப்பு முடித்த வருசத்துக் கதை. அவள் படித்த பள்ளிக்கூடம் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ஐந்தாவது வரைக்கும்தான் உண்டு. அதற்கப்புறம் ஒருத்தி பஸ் ஏறி ஒரு பக்கம் போவாள், ஒருத்தன் வேன் ஏறி வேறு பக்கம் போவான். அதனால் ஐந்தாவது குரூப் போட்டோ என்றால் அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய விசயம். முதல் நாளே தலைக்குக் குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, ரிப்பனை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் என் மகள் தூங்கினாள்.

மொத்தம் நாற்பத்தொரு பிள்ளைகள். முன்வரிசையில் பதின்மூன்று பேர் தரையில் சம்மணம் போட்டார்கள். நடுவரிசையில் பதினாலு பேர், நடுவில் எச்.எம். டீச்சரும் வகுப்பு டீச்சரும். பின்வரிசையில் பதினாலு பேர் பெஞ்சு மேலே ஏறி நின்றார்கள். இடது பக்கம் ஏழு பொம்பளைப் பிள்ளைகள், வலது பக்கம் ஏழு பையன்கள். என் மகள் இடது ஓரத்தில் முதல் ஆள். அவளுடைய உயிர்த்தோழி ஏழாவது ஆள். அதாவது பொம்பளைப் பிள்ளைகளில் கடைசி, அதற்கடுத்து பையன்கள்.

அந்தத் தோழிக்கு அது பிடிக்கவில்லை. மெல்லிய பிள்ளை, ரெட்டைச் சடை, பேச்சே வராது. பையன்களுக்கும் தனக்கும் நடுவில் இன்னொரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நின்றாள். அது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். பொம்பளைப் பிள்ளைகள் முடிகிற இடத்துக்கும் பையன்கள் ஆரம்பிக்கிற இடத்துக்கும் நடுவில் எப்போதும் ஒரு ஆள் இடைவெளி இருக்கும். "ஒட்டி நில்லுங்கப்பா" என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன். ரெண்டு பக்கமும் அரை அங்குலம் நகர்ந்துவிட்டு, கிளிக் பண்ணுவதற்குள் ஓர் அடி விலகிவிடுவார்கள்.

முதல் படத்தில் முன்வரிசைப் பையன் தும்மினான். ரெண்டாவதில் இடது பக்கம் எல்லாரும் நன்றாக வந்தார்கள், வலது பக்கம் மூன்று பையன்கள் வெயிலுக்குக் கண்ணை மூடிவிட்டார்கள். மூன்றாவது எடுக்கும்போது ரோட்டில் ஒரு பஸ் ஆரன் அடித்தது. நாற்பத்தொன்றும் ரோட்டைப் பார்த்தது, டீச்சர்களும்தான்.

பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. இப்படி வாடினால் நான் ஒரு வேலை செய்வேன். "சிரிங்க" என்று சொன்னால் பல் தெரியுமே தவிர சிரிப்பு வராது. அதனால் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு உரக்கக் கத்தினேன்.

"நாளைக்கு லீவு!"

ஓவென்று ஒரு சத்தம். பெஞ்சு மேலே நின்றவர்கள் துள்ளினார்கள். பி.டி. சார் ஓடிவந்து பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். தரை அதிர்ந்ததில் என் கேமரா ஸ்டாண்டின் ஒரு கால் நகர்ந்துவிட்டது. துள்ளல் அடங்குகிற நேரம் பார்த்து நாலாவது படத்தை அடித்தேன். அடித்ததும் தெரிந்துவிட்டது, இது நல்ல படம் என்று. ஐந்தாவது சும்மா பேருக்கு.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். நாலாவது படம் அருமை. எல்லார் முகத்திலும் நிஜச் சிரிப்பு. எச்.எம். டீச்சர்கூடச் சிரித்திருந்தார், அதற்கு முன்னால் நான் அவர் சிரித்துப் பார்த்ததில்லை. நாற்பத்தொரு பேரில் நாற்பது பேருக்குக் கண் திறந்திருந்தது. ஒரே ஒரு ஆள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாயைத் திறந்து, தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

அது என் மகள்.

வேறு பிள்ளையாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? உண்மையைச் சொல்கிறேன். 'ஒரு பிள்ளைதானே, சிரித்துத்தானே மூடியிருக்கிறது' என்று அப்படியே பிரிண்ட்டுக்கு அனுப்பியிருப்பேன். எத்தனையோ தடவை அனுப்பியிருக்கிறேன். ஆனால் போட்டோக்காரன் மகளே போட்டோவில் கண்ணை மூடியிருந்தால் ஊர் என்ன சொல்லும்? ரெண்டாவது படத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் என் மகள் அம்புட்டு அழகாக, நேராகப் பார்த்து, அளவாகச் சிரித்திருந்தாள். முடிவு பண்ணிவிட்டேன். இடது பாதி ரெண்டாவது படம், வலது பாதி நாலாவது படம்.

ரெண்டையும் அடுக்கினேன். ஸ்டாண்டு நகர்ந்திருந்ததால் நாலாவது படம் ஒரு சாய்வாக இருந்தது. தானாகவே சேர்த்து வைக்கிற பட்டன் ஒன்று உண்டு. அதை அழுத்தினேன். நாற்பத்தொரு பிள்ளைக்கும் ஒரே கட்டம் போட்ட சட்டை. எந்தக் கட்டம் எந்தப் பிள்ளையுடையது என்று அது குழம்பிப்போய், வளைவில் திரும்புகிற டவுன் பஸ் மாதிரி மொத்தப் பள்ளிக்கூடத்தையும் சாய்த்துவிட்டது. சரி, கையாலேயே பார்ப்போம் என்று ஆரம்பித்தேன்.

கையால் சேர்க்கும்போது நகராத பொருளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் நகரும், மர நிழல் நகரும், கொடிக்கயிறு ஆடும். சுவர் நகராது. பின்வரிசைக்குப் பின்னால் சுவரில் ஒரு ஜன்னல், அதற்குப் பக்கத்தில் மொட்டைமாடியிலிருந்து மழைத்தண்ணீர் இறங்குகிற குழாய். மேல்தாளைப் பாதி தெரிகிற மாதிரி மங்கலாக்கிக்கொண்டு, ரெண்டு குழாயும் ஒரே குழாயாகிற வரைக்கும் நகர்த்தினேன். அப்புறம் ஜன்னல் கம்பிகளைப் பார்த்துக் கொஞ்சம் திருப்பினேன்.

சரியாக உட்கார்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மேல்தாளின் குணத்தை ஒரு விதமாக மாற்றினால், ரெண்டு படமும் ஒத்துப்போகிற இடமெல்லாம் கறுப்பாகிவிடும். ஒத்துப்போகாத இடம் மட்டும் மின்னும். மாற்றிப் பார்த்தேன். சுவர் கறுப்பு. ஜன்னல் கறுப்பு. குழாய் கறுப்பு. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பிள்ளைகளைச் சுற்றி மட்டும் கோடு கோடாக மின்னியது, துள்ளினவர்கள்தானே. இடது ஓரத்தில் ஓர் உருவம் முழுசாகவே மின்னியது. குழாய்க்கு வலது பக்கம் இன்னோர் உருவம் முழுசாக மின்னியது. 'ஆட்டம் போட்டதுகள்' என்று சிரித்துக்கொண்டேன். அங்கே நின்று ஒரு நிமிசம் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

வெட்டுகிற இடமாக, வரிசைக்கு நடுவாக்கில் இருந்த அந்தக் குழாயையே வைத்துக்கொண்டேன். நேர்க்கோடு, ஒட்டுப்போட்டது தெரியாது. குழாய்க்கு இடது பக்கம் ரெண்டாவது படம், வலது பக்கம் நாலாவது. முடிந்தது. எங்கள் வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எங்குட்டு ஒட்டிருக்கேன்னு கண்டுபிடி பாப்போம்."

"தெரியல" என்றாள். "ஆனா நம்ம பிள்ளை பாஸ்போர்ட்டுக்கு நிக்கிற மாதிரி நிக்குது. அந்தப் பக்கம் பையங்கெல்லாம் திருவிழாவுல நிக்குதுக."

"உனக்குப் பொறாமை" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. எச்.எம். டீச்சர்.

"யாரைக் கேட்டு லீவு விட்டீங்க?"

"டீச்சர்?"

"அஞ்சாவதுல பாதிப் பேர் வரல. கேட்டா, போட்டோக்காரர் லீவுன்னு சொன்னாருங்குறாங்க. ரெண்டு பேர் குடும்பத்தோட அழகர்கோவிலுக்கே போயிட்டாங்க."

"சிரிக்கிறதுக்காகச் சொன்னேன் டீச்சர்..."

"நல்லாச் சிரிச்சோம். இன்னைக்கு ரிவிசன் டெஸ்ட். படமாவது ஒழுங்கா வருமா?"

"படம் தங்கம் மாதிரி வந்துருக்கு டீச்சர்" என்றேன். அந்தத் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை.

படத்துக்குக் கீழே பேர் போட வேண்டும். வகுப்பு டீச்சர் வரிசை வாரியாக, இடமிருந்து வலமாக, அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். அதைப் பார்த்து அப்படியே அடித்தேன். தல்லாகுளத்தில் பிரிண்ட் போடுகிற கடையில் கொடுத்து, நாற்பத்தொரு காப்பி வாங்கி, முழு ஆண்டுப் பரீட்சைக்கு நடுவில் ஒருநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். பரீட்சை முடிய இன்னும் ரெண்டு நாள் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் என் மகள் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"அப்பா, நீங்க பேரைத் தப்பா போட்டுட்டீங்க."

"நான் போடல. உங்க டீச்சர் எழுதிக் குடுத்தது."

"அப்ப எப்படிப்பா ஒரு பையனுக்குப் பொம்பளைப் பிள்ளை பேரு வந்துச்சு? எல்லாரும் அவன்கிட்ட ரிப்பன் வேணுமா, பூ வேணுமான்னு கேட்டாங்க. அவன் அழுதுட்டான். கடைசியில ஒரு பேரு மட்டும் இருக்கு, அதுக்கு ஆள் இல்ல."

படத்தை மேசையில் வைத்துப் பின்வரிசையை எண்ணினேன். பதின்மூன்று தலை. பேரை எண்ணினேன். பதினாலு. மறுபடி எண்ணினேன். தலை கூடவில்லை. ஏழாவது பேர் யாருடையது என்று படித்தேன். என் மகளின் தோழி பேர்.

"அவ எங்க?" என்றேன்.

"அதான் அப்பா, அவளைக் காணோம். என் பக்கத்துலதானே நின்னா!"

கம்ப்யூட்டரைப் போட்டேன். ரெண்டாவது படத்தைத் திறந்தேன். அந்தப் பிள்ளை ஏழாவது ஆளாக, குழாய்க்கு வலது பக்கம் நிற்கிறாள். நாலாவதைத் திறந்தேன். அங்கே அவள் இல்லை, வெறும் சுவர். இடது ஓரத்துக்குப் போனேன். என் மகளுக்கு அந்தப் பக்கம், பெஞ்சு நுனியில், என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எல்லாரும் துள்ளின நேரத்தில் கீழே குதித்து, பின்னாலேயே ஓடிவந்து இந்தப் பக்கம் ஏறியிருக்கிறாள். பையன் பக்கத்தில் நிற்கப் பிடிக்கவில்லை, தோழி பக்கத்தில் நிற்க ஆசை. ரெண்டாவது படத்தில் குழாய்க்கு வலது பக்கம் நின்றாள், நான் இடது பக்கத்தை எடுத்துக்கொண்டேன். நாலாவதில் இடது பக்கம் வந்தாள், நான் வலது பக்கத்தை எடுத்துக்கொண்டேன். ரெண்டு படத்திலும் இருந்த பிள்ளை, ரெண்டும் சேர்ந்த படத்தில் இல்லை.

கறுப்புப் படத்தில் முழுசாக மின்னிய ரெண்டு உருவமும் அவள்தான். சுவரை அம்புட்டு கவனமாகச் சேர்த்து வைத்தவன், பிள்ளைகளை எண்ணிப் பார்க்கவில்லை. அவள் நின்றிருந்த இடம் காலியாக இருந்தும் என் கண்ணுக்கு உறுத்தவில்லை, அங்கே எப்போதும் காலியாகத்தானே இருக்கும்.

"அவ என்ன சொன்னா?" என்று மகளிடம் கேட்டேன்.

"ஒன்னும் சொல்லல. மடிச்சு பைக்குள்ள வச்சுக்கிட்டா."

சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு இம்புட்டு சங்கடமாக இருந்திருக்காது. ரெண்டு நாளில் பரீட்சை முடிந்துவிடும். அதற்கப்புறம் இந்த நாற்பத்தொரு பேரும் ஒரே இடத்தில் இருக்கப் போவதில்லை. நாளைக்கு யாராவது இந்தப் படத்தைப் பார்த்து, 'அந்த வருசம் நீ எங்களோட படிச்சியா?' என்று அவளையே கேட்பார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குக் கிளம்பினேன். மகளும் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

அவர்கள் சௌராஷ்டிரக் குடும்பம். நாலு தெரு தள்ளி மாடிவீடு. அந்தப் பிள்ளையின் அம்மா கதவைத் திறந்து, "வாங்கண்ணே" என்றார். நான் உட்காராமலே விசயத்தைச் சொன்னேன். எப்படி ஒட்டினேன், எங்கே தவறவிட்டேன் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மகளைப் பார்த்து அவர்கள் பாஷையில் வேகமாக ஏதோ சொன்னார். அவளும் ஏதோ சொன்னாள். அவர் இன்னும் வேகமாகச் சொன்னார். நன்றாகத் திட்டுகிறார், திட்டட்டும், நமக்குத் தேவைதான் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

அந்தப் பிள்ளை மெதுவாக, "அங்கிள், உங்களுக்குக் காப்பியா டீயான்னு கேக்குறாங்க" என்றது.

காப்பி வந்தது. "போட்டோவக் கொஞ்சம் காட்டும்மா" என்றேன். கணக்குப் புத்தகத்துக்குள்ளிருந்து தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தாள். பின்வரிசையில், குழாய்க்கும் முதல் பையனுக்கும் நடுவில் இருந்த காலி இடத்தில், நீலப் பேனாவால் ஒரு சின்னப் பிள்ளையை வரைந்திருந்தாள். ரெட்டைச் சடை, பாவாடை, ரெண்டு புள்ளிக் கண். கால் சரியாகப் பெஞ்சு மேலே இருந்தது. தலை பக்கத்துப் பிள்ளையின் தலைக்கு ஒரு விரற்கடை கீழே. அவளுடைய நிஜ உயரம் அதுதான். நான் கம்ப்யூட்டரில் செய்யத் தவறியதை அவள் ரெனால்டு பேனாக் கோட்டில் செய்து வைத்திருந்தாள்.

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ரெண்டு வழி இருக்கும்மா" என்றேன். "நீ வரைஞ்ச இதே இடத்துல உன்னைக் கொண்டாந்து நிறுத்திரலாம். ரெண்டாவது படத்துல நீ அங்கதான் நிக்கிற. எனக்கும் வேலை சுளுவு. இல்லாட்டி நாலாவது படத்துல இவ பக்கத்துல நிக்கிற பாரு, அது. எது வேணும்?"

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இவ பக்கத்துல."

வண்டியில் வரும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து கேள்வி வந்தது.

"அப்பா, அந்த நாலாவது படத்துல நான் எப்படி இருக்கேன்?"

"நல்லாச் சிரிச்சிருக்க."

"கண்ணு?"

நான் ஆரன் அடித்தேன். முன்னால் யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்ததும் அவள் உதடு பிதுங்கிவிட்டது. "எல்லார்கிட்டயும் இந்தப் படத்துல நான்தான் சூப்பரா இருக்கேன்னு சொல்லிட்டேன்பா. இப்பக் கண்ணு மூடின படம் குடுத்தா கேலி பண்ணுவாங்க. அவளை இங்க இருந்து வெட்டி, நான் நல்லா இருக்கிற படத்துல ஒட்டுங்க."

வெட்டிப் பார்த்தேன். அந்தப் பிள்ளையின் கை என் மகளின் கையைப் பிடித்திருந்தது. ரெண்டாவது படத்தில் என் மகள் கையை விறைப்பாகத் தொங்கவிட்டிருந்தாள். ஒட்டினால் தோழி காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சரி, கண்ணை மட்டும் மாற்றுவோம் என்று ஆரம்பித்தேன். ரெண்டாவது படத்திலிருந்து என் மகளின் திறந்த கண் ரெண்டையும் தனி லேயராக எடுத்தேன். நாலாவதில் தலை சாய்ந்திருந்ததால் அதையும் சாய்த்தேன், கொஞ்சம் சின்னதாக்கினேன், புருவத்தோடு புருவம் சேர்த்தேன். ஓரத்தை மழுங்கவைத்தேன். அரைமணி நேரம் மவுஸைப் பிடித்திருந்ததில் விரல் மரத்துப்போனது. ஒரு வழியாக முடித்துவிட்டு, மகளையும் எங்கள் வீட்டுக்காரியையும் கூப்பிட்டேன்.

வாய் திருவிழாவில் சிரித்தது. கண் பாஸ்போர்ட்டுக்குப் பார்த்தது.

எங்கள் வீட்டுக்காரி முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னங்க இது, தேளு கொட்டின பிள்ளை மாதிரி இருக்கு!"

என் மகள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். ஒரு மாதிரி மூச்சை இழுத்தாள், அப்புறம் வெடித்துச் சிரித்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது.

"இங்க பாருங்க" என்று மகளுடைய முகத்தை என் பக்கம் திருப்பினாள் எங்கள் வீட்டுக்காரி. "இப்பயும் கண்ணைக் காணோம். இவ சிரிச்சா இம்புட்டுத்தான். பிறந்ததுல இருந்து அப்படித்தான். படத்துல மட்டும் எங்குட்டு இருந்து கண்ணு வரும்?"

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கண்ணை எடுத்துருங்கப்பா, பயமா இருக்கு."

"எடுத்துட்டா மூடித்தான் இருக்கும். பரவாயில்லையா?"

கை கோத்த இடத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். பெரிதாக்கினேன். "பரவால்ல" என்றாள். "ஆனா பேரை இப்பயாவது சரியாப் போடுங்க. அவதான் ஃபர்ஸ்ட்டு, நான் செகண்டு."

ஒவ்வொரு லேயராக அணைத்தேன். கடைசியில் நாலாவது படம் மட்டும் தனியாக மிஞ்சியது. ஒட்டு இல்லை, வெட்டு இல்லை. லேசாகச் சாய்ந்திருந்ததை மட்டும் நிமிர்த்திவிட்டு, நாற்பத்தொரு தலையையும் விரல் வைத்து எண்ணி, பேரையும் எண்ணி, பிரிண்ட்டுக்கு எடுத்துப் போனேன்.

தல்லாகுளத்துப் பிரிண்ட் கடைக்காரன் என் பழைய கூட்டாளி. படத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, இதே வகுப்பு அன்னைக்கே போட்டாச்சே?" என்றான்.

"அன்னைக்கு ஒரு பிள்ளையத் தொலைச்சுட்டேன்."

"கிடைச்சிருச்சா?"

"கிடைச்சிருச்சு. அங்கேயேதான் இருந்துருக்கு."

"சரி, உன் மக கண்ணு மூடியிருக்கே, பாக்கலையா? இரு, நானே ஒரு..."

"மவுஸ்ல கை வைக்காத" என்றேன்.

கடைசிப் பரீட்சை முடிகிற நேரத்துக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். முதலில் எச்.எம். டீச்சரிடம் போய், நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். ரெண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழைய படத்தில் அந்தக் காலி இடத்தை விரலால் தடவினார்.

"நானும் கவனிக்கலையே" என்றார். "வருசம் முழுக்கக் கையைத் தூக்காத பிள்ளை. இல்லைன்னதும் தெரியல." அப்புறம் புதுப் படத்தைப் பார்த்து, "இது யாரு, கண்ணை மூடிக்கிட்டு?" என்றார்.

"என் மக, டீச்சர்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். "கேட்டுக்கிட்ட நில்லுங்க. புதுசைக் குடுத்துட்டுப் பழசை வாங்கிக்கங்க. யார்கிட்டயும் லீவுன்னு மட்டும் சொல்லிராதீங்க, நிஜமாவே லீவு விடப்போறோம்."

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடிவந்தார்கள். ஒருத்தன் புதுப் படத்தில் தன் பேரைத் தேடிப் பார்த்து, "அப்பாடா, நான் மறுபடி ஆம்பளை" என்றான். அவனுக்குப் பின்னால் நின்றவன் சிரித்ததில் படத்தைக் கீழே போட்டான். என் மகளின் கண்ணைப் பற்றி ரெண்டு பேர் கேலி பண்ணினார்கள். அவள் அவர்களைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு நாக்கை நீட்டினாள்.

அந்தப் பிள்ளை கூட்டம் வடிந்தபிறகு கடைசியாக வந்தாள். நீட்டினேன். வாங்கிக்கொண்டு அங்கேயே, கேட்டுக்குப் பக்கத்துத் திண்டில் படத்தை வைத்துக் குனிந்தாள். இடது ஓரத்தில் தன்னைப் பார்த்தாள். கீழே முதல் பேரைப் படித்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. விரலை எடுத்து ரெண்டாவது தலையில் வைத்தாள், அப்புறம் மூன்றாவதில், நாலாவதில்.

"வாடி, ஆட்டோ போயிரும்" என்று என் மகள் வாசலிலிருந்து கத்தினாள்.

அவள் நிமிரவில்லை. குழாயைத் தாண்டினாள், பையன்களையும் விடவில்லை. நடுவரிசைக்கு இறங்கினாள், டீச்சர்களை மட்டும் தாண்டிப் போனாள். முன்வரிசையில் கடைசிப் பையன் தலையில் விரலை வைத்து அழுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நாப்பத்தொன்னு" என்றாள். "எல்லாரும் இருக்காங்க அங்கிள்."